தடுக்க எழுதிய வரி வழிவிட்டபோது

(கணினி அறிவியல் மாணவர்களும் அலுவலக நிர்வாகிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2008 அக்டோபரில் டவ்காட் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் இரண்டு பாதுகாப்புக் குறைகள் பதிவாயின. உலகெங்கும் கண்டுபிடிக்கப்படும் மென்பொருள் குறைகளுக்குப் பொது எண் கொடுத்துப் பட்டியலிடும் சி.வி.இ. வரிசையில் அவற்றுக்கு 2008-4577, 2008-4578 என்று எண்கள். முதல் குறையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஒருவரிடமிருந்து அனுமதியைப் பறிப்பதற்காக எழுதிய விதியை, அனுமதி கொடுக்கும் விதியாக அந்த மென்பொருள் எடுத்துக்கொண்டது. இவரை உள்ளே விடாதே என்று நிர்வாகி எழுதினார். விடு என்று சர்வர் படித்தது. 1.1.4 பதிப்பில் அதைச் சரிசெய்துவிட்டார்கள்.

சரிசெய்து பல ஆண்டுகள் ஆன ஒரு வழுவைப் பற்றி இன்று பேசுவானேன் என்று கேட்கலாம். அந்த வழு என்னிடம் ஒரு கேள்வியை விட்டுப் போயிருக்கிறது. இப்படி ஒரு தவறு நம் அலுவலக சர்வரில் இந்த நிமிடம் நடந்துகொண்டிருந்தால், அது எந்த வழியாக நமக்குத் தெரியவரும்? இந்த உரை முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சிதான்.

மெயில் சர்வர் வேலையில் பழக்கம் இல்லாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். வந்த கடிதத்தை நம் கணினிக்கு இறக்கிக்கொண்டு, சர்வரில் இருப்பதை அழித்துவிடுவது ஒரு முறை. கடிதத்தைச் சர்வரிலேயே விட்டுவைத்து, எந்தக் கணினியிலிருந்தும் போய்ப் பார்ப்பது இன்னொரு முறை. இந்த இரண்டாவது முறைக்கு ஐமேப் என்று பெயர். 1986இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்தது. கடிதம் சர்வரிலேயே தங்குவதால் ஒரே ஃபோல்டரைப் பலர் பார்க்க முடியும். புகார்களுக்கு ஒரு ஃபோல்டர், டெண்டருக்கு ஒன்று, மாணவர் சேர்க்கைக்கு ஒன்று என்று வைத்து, ஐந்து பேர் சேர்ந்து வேலை பார்க்கலாம். அப்படிப் பகிர்ந்துகொண்டவுடன் யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்று வரையறுக்க வேண்டியிருக்கிறது.

அந்த வரையறைக்கு ஒரு வடிவம் கிடைத்தது பிட்ஸ்பர்க் நகரத்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில். 1980களில் அங்கே ஆண்ட்ரூ என்ற பெயரில் வளாகம் முழுவதற்குமான ஒரு கணினித் திட்டம் நடந்தது. அதில் உருவான கோப்பு முறைமையில் ஒவ்வொரு டைரக்டரிக்கும் ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. பெயருக்கு எதிரே எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஓர் உரிமை. அதே பல்கலைக்கழகத்தில் சைரஸ் என்ற மெயில் சர்வரும் பிறந்தது. டைரக்டரிக்கு இருந்த ஏற்பாடு மெயில் ஃபோல்டருக்கும் வந்துசேர்ந்தது. 1997 ஜனவரியில் அங்கே பணியாற்றிய ஜான் மையர்ஸ் அதை ஆர்.எஃப்.சி. 2086 என்ற பொது ஆவணமாக எழுதினார். 2005 டிசம்பரில் அலெக்ஸி மெல்னிகோவ் எழுதிய ஆர்.எஃப்.சி. 4314 அதன் இடத்துக்கு வந்தது.

புதிய ஆவணத்தில் 11 உரிமைகள், 11 ஆங்கில எழுத்துகள். எல் இருந்தால் அப்படி ஒரு ஃபோல்டர் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆர் இருந்தால் திறந்து படிக்கலாம். எஸ் இருந்தால், நீங்கள் படித்துவிட்டீர்கள் என்ற குறிப்பு நிலைத்து நிற்கும். ஐ இருந்தால் புதுக் கடிதத்தைப் போடலாம். கே இருந்தால் உள்ளே துணை ஃபோல்டர் உருவாக்கலாம். எக்ஸ் இருந்தால் ஃபோல்டரையே நீக்கலாம். ஏ இருந்தால் இந்தப் பட்டியலையே மாற்றலாம். மற்ற நான்கும் குறியிடுதல், அழித்தல், அனுப்புதல் போன்ற வேலைகளுக்கு.

எல் என்ற எழுத்தைப் பற்றி ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். அந்த உரிமை இல்லாதவர் ஃபோல்டரின் பெயரைச் சொல்லிக் கேட்டால், உங்களுக்கு அனுமதி இல்லை என்று சர்வர் சொல்லக் கூடாது. இல்லாத ஃபோல்டரைக் கேட்டால் என்ன பதில் வருமோ அதே பதில்தான் வர வேண்டும். 'ஒழுங்கு நடவடிக்கை' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது என்பதே சிலருக்குப் போதுமான சேதி அல்லவா? ஆவணத்தை எழுதியவர்கள் அந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள்.

அவ்வளவு யோசித்தவர்கள் ஓர் இடத்தை மட்டும் தெரிந்தே திறந்துவிட்டார்கள். ஒருவருக்குப் பட்டியலில் பல வரிகள் பொருந்தலாம். அவர் பெயரில் ஒரு வரி, அவர் இருக்கும் குழுவின் பெயரில் ஒரு வரி, எல்லாருக்கும் என்று ஒரு வரி. இந்த மூன்றையும் எப்படிச் சேர்ப்பது? கூட்டிக்கொள்ளலாம், அல்லது அவருக்கு மிக நெருக்கமான வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். 1997 ஆவணம் இரண்டையும் எடுத்துக்காட்டாகச் சொல்லி, அது அந்தந்த மென்பொருளின் விருப்பம் என்று நிறுத்திக்கொண்டது. ஒரே பட்டியலை ஒரு சர்வரில் எழுதினால் ஒரு பொருள், இன்னொரு சர்வரில் எழுதினால் வேறு பொருள். இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2010க்கு வரும்போது தேவைப்படும்.

இனி எதிர்மறை உரிமைக்கு வருகிறேன். ஒரு கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். வினாத்தாள் வரைவுகள் ஒரு ஃபோல்டரில் வந்து சேர்கின்றன. துறை ஆசிரியர்கள் அனைவரும் ஒரு குழு. குழுவுக்குப் படிக்கும் உரிமை உண்டு. இந்த ஆண்டு ஓர் ஆசிரியரின் மகள் அதே தேர்வை எழுதுகிறார். முறைப்படி அவர் அந்த வரைவைப் பார்க்கக் கூடாது. அவரைக் குழுவிலிருந்தே எடுத்துவிட்டால் துறையின் மற்ற ஃபோல்டர்களும் அவருக்குக் கிடைக்காமல் போகும். இந்தச் சங்கடத்துக்காக வைத்ததுதான் கழித்தல் குறி. பட்டியலில் அவர் பெயருக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு, எதிரே ஆர் என்று எழுதினால், வேறு எந்த வரியால் அவருக்குப் படிக்கும் உரிமை வந்திருந்தாலும் அது போய்விடும்.

இங்கேயே ஒரு வழுக்கல் இருக்கிறது. கழித்தல் குறி இரண்டு இடங்களில் வரலாம். கட்டளை கொடுக்கும்போது உரிமை எழுத்துக்கு முன்னால் போட்டால், அவர் பெயரில் ஏற்கெனவே இருக்கும் வரியிலிருந்து அந்த எழுத்தை எடுத்துவிடு என்று பொருள். எடுத்த பிறகும் குழுவின் வழியாக அவர் உள்ளே வரலாம். பெயருக்கு முன்னால் போட்டால்தான் உண்மையான தடை. அதோடு, பெயர் மட்டும் உள்ள வரியை நீக்கினால், குறியோடு உள்ள வரி அப்படியே நிற்கும். கணக்குப் பார்க்கிற இயந்திரத்துக்கு ஒரு பட்டியலில் இரண்டு வேறு வரிகள். அவசரத்தில் பார்க்கும் மனிதக் கண்ணுக்கு ஒரே பெயர்.

2008இன் வழு இந்த இடத்தில்தான் இருந்தது. டவ்காட் பின்லாந்தைச் சேர்ந்த டிமோ சிரைனென் உருவாக்கி 2002இல் வெளியிட்ட மென்பொருள். பாதுகாப்பையே முதல் குறிக்கோளாக அறிவித்துக்கொண்டு எழுதப்பட்டது. அந்தப் பெயரைச் சம்பாதித்தும் இருந்தது. அதன் அனுமதிப் பட்டியல் வேலையைக் கவனிக்கும் துணை நிரலில் எதிர்மறை உரிமைகள் நேர்மறை உரிமைகளாகவே கொள்ளப்பட்டன. நம் எடுத்துக்காட்டில் அந்த ஆசிரியர் குழுவில் இருந்தால், தடை பலிக்கவில்லை, அவ்வளவுதான். குழுவிலேயே இல்லாத ஒருவரை, எதற்கும் இருக்கட்டும் என்று நிர்வாகி தடை வரியில் சேர்த்திருந்தால் என்ன ஆகும்? அதுவரை எந்த உரிமையும் இல்லாதிருந்தவருக்கு அந்த வரியே அனுமதிச் சீட்டு ஆகிவிடும். ஏனோதானோவென்று விட்டிருந்த நிர்வாகிக்கு இந்த வழுவால் ஒன்றும் ஆகியிருக்காது. முன்யோசனையோடு தடை எழுதிவைத்தவரின் ஃபோல்டர்தான் திறந்துகொண்டது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இது எப்படித் தெரியவரும்?

ஃபோல்டர் அனுமதியில் இரண்டு வகைத் தவறுகள் நடக்கலாம். பார்க்க வேண்டியவருக்குக் கதவு திறக்கவில்லை என்பது ஒன்று. பத்து நிமிடத்தில் தொலைபேசி அடிக்கும். அரைமணி நேரத்தில் மேலதிகாரி கூப்பிடுவார். மாலைக்குள் சரியாகிவிடும். பார்க்கக் கூடாதவருக்குக் கதவு திறந்திருக்கிறது என்பது மற்றொன்று. இதற்கு யார் கூப்பிடுவார்? படிக்க முடிந்தவர் கூப்பிட்டு, ஐயா, எனக்கு வரக் கூடாதது வருகிறது என்பாரா? பெரும்பாலும் தனக்கு வரக் கூடாது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. பட்டியலில் ஒரு ஃபோல்டர் தெரிகிறது. அலுவலகம் கொடுத்ததுதானே என்று திறப்பார். ஃபோல்டருக்கு உரியவரும் கூப்பிட மாட்டார். அவருக்கு எல்லாம் வழக்கம்போலவே வேலை செய்கிறது. நிர்வாகி பட்டியலைத் திறந்து பார்த்தாலும் தடை வரி எழுதினபடியே இருக்கும். எழுத்தில் பிழை இல்லை. படிக்கும் விதத்தில்தான் பிழை.

நம் அலுவலகங்களில் கணினிப் பிரிவு நடப்பது புகாரை வைத்துத்தான். எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது என்றுதான் மாத அறிக்கை எழுதுகிறோம். புகாரே வராத வகைத் தவறு அந்த அறிக்கையில் சுழியம் என்று பதிவாகும். அதைப் பார்த்துப் பாராட்டுக் கடிதமும் வரும்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1975இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் கணினியில் தகவல் பாதுகாப்பு பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். பாதுகாப்பு வடிவமைப்புக்கு எட்டு நெறிகளை அதில் வகுத்தார்கள். அவற்றில் ஒன்று, 1965இலேயே கிளேசர் என்பவர் முன்வைத்ததாக அவர்கள் குறிப்பிடுவது: அனுமதி இல்லாததே இயல்பு நிலையாக இருக்கட்டும், யாருக்கு வேண்டுமோ அவருக்குக் கொடுங்கள், எல்லாருக்கும் கொடுத்துவிட்டுச் சிலரை விலக்காதீர்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் முக்கியம். கொடுப்பதை அடிப்படையாகக் கொண்ட ஏற்பாட்டில் தவறு நேர்ந்தால், பெரும்பாலும் அது மறுப்பில் முடியும், உடனே தெரிந்துவிடும். விலக்குவதை அடிப்படையாகக் கொண்ட ஏற்பாட்டில் தவறு நேர்ந்தால் அது அனுமதியில் முடியும். அன்றாடப் புழக்கத்தில் கவனத்துக்கே வராமல் போகலாம். டவ்காட் வழுவுக்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே அதன் இலக்கணம் எழுதியாகிவிட்டது.

கழித்தல் குறி பிறந்த ஊரிலும் இதை உணர்ந்திருந்தார்கள். ஆண்ட்ரூ கோப்பு முறைமையிலும் எதிர்மறை உரிமை உண்டு. ஆனால் அதன் கையேட்டில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று பொதுக் குழுவுக்கு உரிமை கொடுத்துவிட்டு, ஒருவரை மட்டும் எதிர்மறையில் விலக்கிப் பயனில்லை. அவர் தன் அடையாளத்தைத் துறக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டால் பெயரற்றவர் ஆகிவிடுவார்; பெயரற்றவருக்கு அனுமதி உண்டு. வழு எதுவும் இல்லாமலேயே தடை தோற்கும் இடம் அது.

2008இன் இரண்டாவது குறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துணை ஃபோல்டர் உருவாக்கும் கே உரிமை ஒரு மட்டத்துக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. அதை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மட்டம் கீழே, உரிமை இல்லாத இடத்தில், ஃபோல்டர் உருவாக்க முடிந்தது. மகனுக்குக் கொடுத்த அதிகாரம் பேரன் வரை போன கதை.

2010இல் அதே துணை நிரலில் மேலும் சில குறைகள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் ஒரு தனிப் பாடம். முதலாவது, 1.2.13 பதிப்பில் திருத்தியது. ஒருவர் புதிதாக ஃபோல்டர் உருவாக்கும்போது, சில அமைப்புகளில், அவருடைய இன்பாக்ஸின் அனுமதிகள் புது ஃபோல்டருக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதிகாரி தன் இன்பாக்ஸைப் படிக்க உதவியாளருக்கு உரிமை கொடுத்திருக்கிறார். ஒரு நாள் 'அந்தரங்கம்' என்று தனியாக ஒரு ஃபோல்டர் உருவாக்குகிறார். அதைத் தனியே வைப்பதன் நோக்கமே உதவியாளர் பார்க்கக் கூடாது என்பதுதான். ஆனால் இன்பாக்ஸின் பட்டியல் அதற்கும் வந்துவிடுகிறது. யாரும் எந்த அனுமதியும் கொடுக்கவில்லை. அனுமதி தானாகப் பரவிவிட்டது.

அடுத்தது, 1.2.15, 2.0.5 பதிப்புகளில் திருத்தியது. நான் முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன இடைவெளி இங்கே வருகிறது. வரிகளைக் கூட்டுவதா, நெருக்கமான வரியால் மற்றதை மாற்றுவதா? டவ்காட் மாற்றுவது என்று முடிவெடுத்து அதைத் தெளிவாக எழுதியும் வைத்தது. குழுவுக்குப் படிக்கவும் எழுதவும் உரிமை. அந்தக் குழுவில் உள்ள ஒருவருக்குப் பெயரைப் பார்க்க மட்டும் உரிமை என்று தனி வரி எழுதினால், தனி வரியே செல்ல வேண்டும். சில சூழ்நிலைகளில் நிரல் அதைக் கூட்டிவிட்டது. குறைப்பதற்காக எழுதிய வரி, இருப்பதோடு சேர்ந்து ஒன்றும் குறையாமல் போயிற்று. பொதுவான வரி முதலில் வந்து, குறிப்பான வரி பின்னால் வரும்போதும் இது நடந்தது. நாம் பட்டியல் எழுதும் வழக்கமே அந்த வரிசைதான்: பொது விதி முதலில், விதிவிலக்கு பிறகு.

1.2.15இல் திருத்திய இன்னொன்று, உரியவரைப் பற்றியது. பொதுவில் இல்லாத ஒவ்வொரு ஃபோல்டரிலும் அதன் சொந்தக்காரருக்குப் பட்டியலை மாற்றும் ஏ உரிமை தானாகவே உண்டு என்று நிரல் கருதியது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என் ஃபோல்டரை நான் ஆளாமல் வேறு யார் ஆள்வது? ஆனால் நிர்வாகி ஒரு பகிர்வு ஃபோல்டரை இணைப்பு வழியாக ஒருவருடைய கணக்குக்குள் காட்டியிருந்தால், சர்வர் அவரையும் சொந்தக்காரராக எண்ணிவிடும். விருந்தாளிக்கு வீட்டுப் பத்திரத்தில் பெயர் ஏறிவிட்ட மாதிரி.

இவற்றை ஒரு மென்பொருளைக் குறை சொல்வதற்காக அடுக்கவில்லை. டவ்காட்டில் குறை வந்தால் பகிரங்கமாக எண் போட்டு, எந்தப் பதிப்பில் திருத்தினார்கள் என்று சொன்னார்கள். அதனால்தான் இன்று நம்மால் பேச முடிகிறது. இந்தக் கலையின் தாய்வீடான சைரஸும் தப்பவில்லை. 2019இல் அதில் வெளிவந்த குறை வேறு வாசல் வழியானது. வரும் கடிதங்களைத் தானாகப் பிரித்து வைக்க, சீவ் என்ற சிறு மொழியில் பயனர்கள் விதி எழுதலாம். இந்தக் கடிதத்தை இந்த ஃபோல்டரில் போடு என்று சொல்லலாம். அப்படி ஒரு ஃபோல்டர் இல்லையென்றால் அதை உருவாக்கும் வசதியும் உண்டு. அந்த உருவாக்கும் வேலை பயனரின் உரிமையில் நடக்காமல் நிர்வாகியின் உரிமையில் நடந்துவிட்டது. ஆகவே சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் தனக்கு எந்த உரிமையும் இல்லாத இடத்திலும் ஃபோல்டர் உருவாக்க முடிந்தது. முன்வாசலில் 11 எழுத்துகளையும் ஒழுங்காகச் சரிபார்க்கும் அதே சர்வர், கடிதம் போடுபவர் வரும் பக்கவாசலில் யார் சார்பாக வருகிறார் என்று கேட்கவில்லை. எல்லா அணுகலையும், ஒவ்வொரு முறையும், எந்த வழியாக வந்தாலும் சோதிக்க வேண்டும் என்பதும் சால்ட்சர், ஷ்ரோடர் வகுத்த எட்டில் ஒன்று.

சரி, தவறு நடந்துவிட்டது, திருத்தமும் வந்துவிட்டது. யார் படித்தார்கள் என்றாவது பின்னால் தெரிந்துகொள்ள முடியுமா? பெரும்பாலும் முடியாது. டவ்காட்டில் கடித நடவடிக்கைகளைப் பதிவுசெய்யும் துணை நிரல் இருக்கிறது. அழித்தது, நகலெடுத்தது, ஃபோல்டரை நீக்கியது, பெயர் மாற்றியது போன்றவை அதில் பதிவாகும். மாற்றம் செய்தவருக்குத்தான் அங்கே தடயம், படித்தவருக்கு இல்லை. படித்த கடிதத்தில் படித்தாயிற்று என்ற குறி விழுமே என்று கேட்கலாம். குறி விழாமல் படிக்க ஐமேப்பிலேயே வழி இருக்கிறது. அதோடு, எஸ் உரிமை இல்லாமல் எல், ஆர் மட்டும் உள்ளவர் படித்தால் அந்தக் குறி நிலைக்காது. மிகக் குறைந்த உரிமையோடு நுழைந்தவர்தான் மிகக் குறைந்த தடயத்தை விட்டுப் போகிறார்.

அப்படியானால் என்ன செய்வது? கேள்வியை மட்டும் எழுப்பிவிட்டு இறங்கிவிடக் கூடாது. என் அனுபவத்தில் பலன் கொடுத்த சிலவற்றைச் சொல்கிறேன்.

எதிர்மறை வரி எழுதத் தோன்றும்போதெல்லாம், அந்த வரி இல்லாமல் அதே காரியம் நடக்குமா என்று பாருங்கள். வினாத்தாள் எடுத்துக்காட்டில், துறைக் குழுவை அப்படியே விட்டுவிட்டு, வினாத்தாள் பார்ப்பவர்கள் என்று தனிக் குழு வைத்து அதற்கு மட்டும் உரிமை கொடுத்திருக்கலாம். அந்த ஆசிரியரை இந்த ஆண்டு அதில் சேர்க்காவிட்டால் போதும். அங்கே நிரல் தவறினால் யாரோ ஒருவர் பார்க்க முடியாமல் போய்ப் புகார் கொடுப்பார். நமக்கு வேண்டியது அதுதான். தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டியவர்களுக்கு, தனிநபர் வரியையும் மீறிச் செல்லும் குழு வரி ஒன்றை டவ்காட் கொடுக்கிறது. அத்தகைய ஏற்பாடு உள்ள இடத்தில் அதையே பயன்படுத்துங்கள்.

பட்டியலைப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். ஐமேப்பில் பட்டியலைக் காட்டும் கட்டளை வேறு, உள்ளே வந்திருப்பவருக்குக் கடைசியில் என்னென்ன உரிமை என்று காட்டும் கட்டளை வேறு. முதலாவது என்ன எழுதினோம் என்பதைச் சொல்லும். இரண்டாவது சர்வர் அதை என்னவாகப் புரிந்துகொண்டது என்பதைச் சொல்லும். இரண்டாவதுதான் முக்கியம். ஆனால் அதுவும் அதே நிரல் போட்ட கணக்கு. வழு அந்தக் கணக்கிலேயே இருக்கலாம். அல்லது அந்தக் கணக்கைக் கேட்காத வேறு வாசலில் இருக்கலாம். ஆகவே சோதனைக்கென்று ஒரு கணக்கு உருவாக்கி, தடுக்கப்பட்டவராகவே உள்ளே போய், ஃபோல்டரைத் திறந்து பார்க்க முயலுங்கள். திறக்கவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தடை இருக்கிறது என்று சொல்லலாம். புதுப் பதிப்பு நிறுவும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். டவ்காட்டின் பிற்காலப் பதிப்புகளில், ஒருவருக்கு ஒரு ஃபோல்டர் ஏன் கிடைக்கிறது, ஏன் கிடைக்கவில்லை என்று படிப்படியாகச் சொல்லும் கட்டளையும் இருக்கிறது. அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

திருத்தம் நிறுவிய மறுநாள் வரும் புகார்களைத் தனியாகக் கவனியுங்கள். நேற்று வரை தெரிந்தது, இன்று தெரியவில்லை என்று யாராவது சொன்னால், நம் கை உடனே பழைய நிலைக்குத் திருப்பப் போகும். கொஞ்சம் பொறுங்கள். நேற்று வரை அவருக்குத் தெரிந்ததே தவறாக இருக்கலாம். மௌனமாக இருந்த வழு வாய் திறப்பது அந்த ஒரு நாள்தான். அன்று புகாரை அவசரமாகத் தீர்த்துவைத்தால், வழுவை நம் கையாலேயே மறுபடி நிறுவியவர்கள் ஆவோம்.

கடைசியாக ஒன்று, மாணவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் பொதுவானது. நிரல் எழுதும் மாணவர்களே, இவருக்குத் திறக்கிறதா என்று ஒரு சோதனை எழுதினால், இவருக்குத் திறக்காமல் இருக்கிறதா என்று இன்னொரு சோதனையும் எழுதுங்கள். முதல் சோதனையை எழுதாவிட்டால் பயனர் உங்களுக்காக அதைச் செய்துவிடுவார். இரண்டாவதை உங்களைத் தவிர யாரும் செய்ய மாட்டார்கள்.

நிர்வாகிகளே, அந்த இரண்டாவது சோதனையை எழுத மாணவருக்கு ஒரு தகவல் வேண்டும். அது உங்களிடம்தான் இருக்கிறது. எந்த ஃபோல்டரை யார் பார்க்கலாம் என்று எல்லா அலுவலகத்திலும் ஏதோ ஒரு குறிப்பு இருக்கும். யார் பார்க்கவே கூடாது என்று எழுதிவைத்த அலுவலகம் எத்தனை? அது பெரும்பாலும் யாரோ ஒருவர் மனத்தில் இருக்கும். அவர் மாற்றலாகிப் போகும்போது அதுவும் கூடவே போய்விடும். முக்கியமான ஐந்து ஃபோல்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, பார்க்கக் கூடாதவர் யார், ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். கடிதங்களுக்கு உரிய துறைத் தலைவர் அதில் கையெழுத்துப் போடட்டும். கணினிப் பிரிவின் தலையில் மட்டும் அதைக் கட்டாதீர்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால், உலகின் மிகத் திறமையான நிரலாளரைக் கொண்டுவந்து உட்கார வைத்தாலும் சர்வர் சரியாக நடக்கிறதா இல்லையா என்று அவரால் சொல்ல முடியாது. சரி என்றால் என்ன என்பதை நாம் அவருக்குச் சொல்லியிருக்கவே மாட்டோம்.